கிணறு இல்லாத வளவு

என் கையெழுத்து கோழி கிளறிய மணலைப் போலிருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். படம் எடுப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கடற்கரையைப் படம் எடுக்க நான் பழகிய கதைதான் இது.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடம். எனக்குப் பதினான்கு வயது. தேற்றாத்தீவில் எங்கள் வீட்டில் அரைச் சுவரும் கிணறும் மிஞ்சின. அம்மா, அப்பா, அக்கா, நான் என்று நாங்கள் நான்கு பேரும் மிஞ்சி, வாவிப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். அம்மா அதற்குப் பிறகு கடல் இருந்த திசைக்குத் தலையைத் திருப்பவே இல்லை.

வீடு கட்டித் தர வந்தவர்கள், வீடு நின்ற பழைய வளவிலா வேறு இடத்திலா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் சின்னம்மாவின் ஊருக்கே போய்விடலாம் என்றார் அம்மா. அது வயலும் மாடும் உள்ள ஊர். அப்பாவுக்குக் கடல் தொழிலைத் தவிர எதுவும் தெரியாது. அங்கே போனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். அப்பா கலியாணம் முடித்து அம்மாவின் வளவுக்கு வந்தவர். இருட்டோடு எழும்பி, கடற்கரை வாடியில் கிழிந்த வலை பொத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்பாவுக்காகப் பேசியவர் மாமாதான், அம்மாவின் தம்பி. புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கலியாணப் படங்களில் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் பனிமலையை நிறுத்தித் தருவதில் பெயர் எடுத்தவர். களுவாஞ்சிக்குடியைத் தாண்டாத எத்தனையோ சோடிகள் அவருடைய தயவில் சுவிஸ் பார்த்திருக்கின்றன.

“அக்கா நேர வந்து பார்க்க மாட்டா. படத்திலயாவது பார்க்கட்டும்,” என்று ஒரு சின்ன டிஜிட்டல் கமராவை என் கையில் தந்தார். “வடிவா எடு மனே. மிச்சத்தக் கொம்பியூட்டரில பார்ப்பம்.”

அவர் தானே போய் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வளவுக்குக் கொஞ்சம் தள்ளி ஆமிக்காரர்களின் சென்றி, மண்மூட்டை அடுக்கிய காவலரண். பெரிய ஆள் கமராவோடு நின்றால் கேள்வி வரும், பொடியனை விட்டுவிடுவார்கள் என்பது மாமாவின் எண்ணம். “அந்தப் பக்கம் மட்டும் கமராவக் கிறுக்கிராத” என்று, அங்கே திருப்பவே கூடாதென்று சொல்லித்தான் அனுப்பினார்.

முதல் நாள் படங்களில் கடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; பார்த்துவிட்டு என் அக்கா சிரித்தா. “கடல் சரிஞ்செல்லுவா கிடக்கு. கவனம் தம்பி, ஊத்துப்பட்டு மறுகாயும் ஊருக்குள்ள வந்திரும்.”

அந்தக் கேலிதான் என்னைப் பழக்கியது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால், கடலும் வானமும் தொடுகிற கடற்கோடு சாயாது என்று கண்டுபிடித்தேன். கோட்டைப் படத்தின் நடுவில் வைக்காமல் மேலே தள்ளினால் நிலம் அகலமாகத் தெரியும். சூரியன் எழும்பியவுடன் எடுத்தால் மணலின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழும். ஒன்றுதான் சரிவரவில்லை. சென்றி படத்தில் விழாமல் நிற்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே நின்றால் சாய்ந்துபோன எங்கள் கிணறு நடுவில் வந்து நிற்கும். கட்டு உடைந்து, நீலக் கயிறு ஒன்று தொங்க, சுற்றியிருந்த மணலில் கறுப்பாய் ஒரு திட்டோடு.

ஸ்டூடியோவில் மாமா மவுஸைப் பிடித்து, நல்ல மணலை ஓரிடத்தில் எடுத்துக் கெட்ட இடத்தில் அப்பிக் காட்டினார். பின்னேரத்துக்குள் எனக்கு அவரைவிடப் பதமாக வந்துவிட்டது. மாமா அப்பினால் சிமெந்து பூசியது போலிருக்கும்; நான் அப்பினால் காற்று கொண்டுவந்து போட்டது போலிருக்கும். அரைச் சுவரை எடுத்தேன். கயிற்றை எடுத்தேன். கறுப்புத் திட்டை எடுத்தேன். கடைசியில் கிணற்றையே எடுத்தேன். கடலுக்கு நீலம் ஏற்றினேன். “இனி ஒரு பனிமலைதான் குறை” என்றார் மாமா.

படத்தைப் பெரிதாக அடித்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தோம். அப்பா வாசலில் வலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல வடிவு. ஆர்ர வளவு இது?”

“உங்கட வளவுதான்கா,” என்றார் மாமா.

“கிணறு எங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“கிணறும் போயிற்றா?” அம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. அவ்வளவு நாளும் வாய் திறக்காத அப்பா, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், “கிணறு நிக்குது” என்றார்.

வேறு வழியில்லாமல் கமராவில் இருந்த பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார் அம்மா. கடற்கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று காட்டத்தான் எனக்கு ஆசை. அம்மா கிணற்றுப் பக்கம் போகச் சொன்னார்.

“அது கறையம்மா. நான் அழிச்சிட்டன்.”

அம்மா அந்தக் கறுப்புத் திட்டைப் பார்த்தார். நீலக் கயிற்றைப் பார்த்தார். பிறகு அப்பாவின் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“விடிய விடிய வலைதான் பொத்துறீங்களோ?”

அப்பா கயிற்றை விட்டுவிட்டு உள்ளங்கைகளை மூடிக்கொண்டார்.

“உப்பு விட்டிற்றா?”

“கொஞ்சம் கிடக்கு. இன்னும் இறைக்கணும்.”

அம்மா கமராவை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “வீடு கட்டுற ஆக்கள் வந்தா, பழைய வளவெண்டே சொல்லுங்க. சமைக்கிற குசினி கிணத்துப் பக்கம் வரணும்.”

என்னுடைய கடற்கோடுதான் அம்மாவின் மனதை மாற்றியது என்று நான் நம்பினேன். வருடக்கணக்காக நம்பினேன். அந்தத் தைரியத்தில்தான் கமராவை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். நாட்டில் சண்டை முடிந்து, சென்றி எடுபட்டு, எந்தத் திசைக்கும் கமராவைத் திருப்பலாம் என்றான பிறகு, இந்தக் கரை முழுக்க நடந்து எடுத்தேன். என் படங்கள் இன்று எத்தனையோ சுவர்களில் தொங்குகின்றன. ஒன்றிலும் கடல் சாய்ந்திருக்காது.

பிறகு நானும் கலியாணம் முடித்து, ஆரையம்பதியில் மனைவியின் வளவுக்குப் போனேன். எனக்கும் அப்பாவின் வாய்தான். கேட்க வேண்டியதைக் கேட்க வராது. அங்கே போன பிறகுதான் அந்தக் கறுப்புத் திட்டு எனக்கு விளங்கியது. இந்த வளவில் இருப்போம் என்று சொல்ல உரிமையில்லாத மனிதர், கடல் புகுந்த கிணற்றை இருட்டில் தனியாக இறைத்து இறைத்து மணலில் ஊற்றியிருக்கிறார். நான் வந்து படம் எடுக்கும்போது அது காய்ந்திருக்கவில்லை.

2025 மார்கழி 28