முள்ளுக்காரம்மா

"ரேடியோ எங்க இருக்கு?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு. வீட்டுக்காரர்கள் உட்காரச் சொல்வதற்குள் செருப்பை வாசலில் விட்டு, தோள்பையை இறக்கி, தரையில் சம்மணம் போட்டுவிடுகிறார். மாவு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்தோ, சட்டை மாட்டும் ஆணியிலிருந்தோ ரேடியோ வந்து சேர்கிறது. வாங்கியதும் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுகிறார். உள்ளே எதுவும் உருளவில்லை என்றால் சின்னத் தலையசைப்பு. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி தொடும் தகட்டில் படிந்திருக்கும் பச்சையைச் சுரண்டி எடுக்கிறார். பிறகு திருகைப் பிடித்து முள்ளை இடப்பக்கம் நகர்த்துகிறார். ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதக்குரல் எழுந்து தெளிகிறது.

அந்த இடத்தில், கண்ணாடியின் மேல், நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கிறார். "காயற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க. நாளைக்கு முள்ளு எங்க ஓடிப்போனாலும் இந்தப் பொட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும்." வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அவர் கண்ணெதிரே முள்ளைக் கலைத்துவிட்டு மறுபடி பொட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் ரேடியோ அவர் படுக்கைக்குப் போகும். எல்லாம் முடிந்த பிறகே, "ம், இப்ப தண்ணி குடுங்க" என்கிறார்.

உள்ளூர் வானொலி நிலையத்தின் என்ஜினியர் அவர். வயது ஐம்பத்தொன்பது. குள்ளமான உருவம், கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் பார்க்கக் கட்டும் பழக்கம், எந்தப் படியிலும் இரண்டு விநாடி நின்று பிறகு ஏறும் முழங்கால். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு வந்துவிடுகிறார். யாரோ ஒரு பெரியவர் 'முள்ளு நகத்துற அம்மா' என்று அடையாளம் சொல்லப் போய், அது தேய்ந்து முள்ளுக்காரம்மா ஆகிவிட்டது. அவர் விரலில் நகப்பூச்சு இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மாதம் இரண்டு குப்பி வாங்குகிறார். "சிவப்பு மட்டும்தானாம்மா? இந்த ரோஸ் உங்க கைக்கு எடுப்பா இருக்கும்" என்று கடைக்காரப் பெண் விடாமல் சொல்லிப் பார்க்கிறாள். "பார்வை மங்கினவங்களுக்கு ரோஸ் தெரியாதும்மா" என்பது அவர் பதில். அந்தப் பெண்ணுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை.

அவரைப் பற்றி எழுதுவதற்காக மூன்று ஞாயிறுகள் நான் அவரோடு நடந்தேன். பத்து வீட்டுக்கு இரண்டு வீட்டில் இன்னும் நிலையம் மூடிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில், ரேடியோவைக் கணவர்தான் கீழே போட்டு உடைத்தார் என்று மனைவி ஒரு வருடமாகக் குத்திக்காட்டி வந்திருக்கிறார். முள் நகர்ந்து குரல் வந்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா, பாத்தியா? நான் தொடவே இல்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே." மனைவி சற்று யோசித்து, "சரி, அந்தக் கடிகாரத்தை உடைச்சது யாரு?" என்றார். என்ஜினியரம்மா சிரித்தார். நான் அவரோடு இருந்த நாட்களில் அவர் பல் தெரியச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நிலையத்தை இடம் மாற்றியது அவர்தான். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோஹெர்ட்ஸிலிருந்து அறுநூற்றுச் சொச்சத்துக்கு. கட்டடம் அதே கட்டடம், கோபுரம் பக்கத்தில் புதிதாக ஒன்று, அலைவரிசை மட்டும் வேறு. பழைய அலைவரிசையில் சூரியன் சாய்ந்தால் போதும், கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தின் பெரிய நிலையம் வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மலைப்பக்கம் பகலிலேயே கேட்காது. எண் குறைந்தால் அலை தரையோடு ஒட்டி அதிக தூரம் போகும், மலைக்கும் எட்டும் என்று எட்டு வருடம் எழுதி எழுதி அனுப்பினார். ஒன்பதாவது வருடம் அனுமதி வந்தது.

அனுமதிக்கு முன்னால் இவர் எழுதிய குறிப்பில் இரண்டு பக்கங்கள் இருந்தன. முதல் பக்கம் முழுக்க நன்மை. இரண்டாவது பக்கத்தில், பழைய இடத்தில் கேட்டுப் பழகியவர்கள் தொலைந்துபோகும் ஆபத்து இருக்கிறது, அதனால் இரண்டு அலைவரிசையிலும் ஆறு மாதம் சேர்ந்தே ஒலிபரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். நிலைய இயக்குநர் முதல் பக்கத்தைப் பாராட்டினார். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது, "பழைய டிரான்ஸ்மிட்டருக்கு மாத்திப் போட ஒரே ஒரு வால்வுதாம்மா மிச்சம். ஆறு மாசம் தாங்குமா? மூணு வாரம் சொன்னா போதாதா? மணிக்கொரு தடவை சொல்லுவோம். காது இருக்கிறவன் கேட்டுக்குவான்" என்றார்.

"ரெண்டு நாள் சண்டை போட்டேன்" என்று என்னிடம் சொன்னார் என்ஜினியரம்மா. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். "மூணாவது நாள் எனக்குத் தலைவலி. அதே பேச்சையே திரும்பத் திரும்பப் பேசறதுக்கு அலுப்பா இருந்துச்சு. போட்டுட்டேன் கையெழுத்து. அவ்வளவுதான் நடந்துச்சு. யாரும் என்னை மிரட்டல. அதையும் எழுதிக்குங்க."

புது இடத்தைப் பழைய அலைவரிசையில் மூன்று வாரம் சொல்லிவிட்டு அதை நிறுத்தினார்கள். மணிக்கொரு தடவை, மணியடித்துச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் ஆற்றுத் திட்டில் வெள்ளரி போடும் ஒருவர், மனைவியோடு தொலைவில் அறுவடை வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ரேடியோவைப் போட்டால் வெறும் இரைச்சல். அந்த ரேடியோவில் முள்ளை இழுக்கும் நூல் அறுந்து பல வருடம் ஆகிறது. அவருக்கு வேண்டியது ஒரே நிலையம், அதிலும் முக்கியமாக மதியம் இரண்டு மணிக்கு வரும் அணை அறிவிப்பு. அதனால் முள்ளை அந்த இடத்தில் நிறுத்தி, மெழுகு உருக்கி ஊற்றி ஒட்டியிருந்தார். புது பேட்டரி போட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். நிலையத்தில் ஏதோ பழுது, சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னார். தினமும் இரண்டு மணிக்குப் போட்டுக் காத்திருந்து, இரைச்சலைக் கேட்டுவிட்டு அணைத்தார்.

அணை அலுவலகத்துக்கு முன்பு ஒரு சங்கு வண்டி இருந்தது. தண்ணீர் திறக்கும் நாளில் கரையோரமாக ஊதிக்கொண்டே போகும். ரேடியோவில்தான் சொல்கிறார்களே என்று அதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

திரும்பி வந்த ஒன்பதாம் நாள், நாலு மணிக்குத் தண்ணீர் திறப்பதாக இரண்டு மணிக்கு அறிவித்தார்கள். குரல் முன்னெப்போதையும்விடத் தெளிவாக இருந்தது. கரையில் இருந்தவர்கள் மாடுகளை மேலே ஓட்டிக்கொண்டார்கள். மனைவி ஒரு கூடை வெள்ளரியோடு சந்தைக்குப் போயிருந்தார். வெள்ளரிக்காரர் திட்டின் அந்தக் கோடியில், கரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். கரையிலிருந்து கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கீழே ஒரு பாலத்தின் தூணில் தங்கியிருந்தவரை எடுத்தார்கள்.

அதே மழைக்காலத்தில் மலையில் வேறொன்று நடந்தது. மண் சரியும் அபாயம் இருப்பதாக ஒரு பிற்பகல் அறிவித்தபோது, மலைத்தோட்டத்துக் கூலிவரிசை வீடுகளில் முதல் முறையாக ரேடியோ தெளிவாகக் கேட்டது. நாற்பது பேர் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறினார்கள். மறுநாள் அந்த வரிசையின் மேல் பாதி மலை இறங்கியிருந்தது. அங்கிருந்து கடிதங்கள் வந்தன. மலைப்பள்ளி ஆசிரியை ஒருத்தர் பிள்ளைகள் எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்து அனுப்பியிருந்தார். என்ஜினியரம்மா அதைப் படித்தார், மடித்தார், மேஜை இழுப்பறையில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

விசாரணை வந்தது. 'போதிய முன்னறிவிப்பு தரப்பட்டது' என்று அச்சடித்த தாளில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இவர் மட்டும் பேனாவை எடுத்து, 'போதாது. ஆறு மாதம் கேட்டேன். பிறகு மூன்று வாரத்துக்கு நானே சம்மதித்தேன்' என்று எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க? நாப்பது பேரு பொழைச்சிருக்காங்க. அதை எழுதுங்க."

"எழுதலாம் சார். அந்த ஒருத்தரையும் எழுதணும்."

"நாப்பதுல ஒண்ணு போனா..."

"கழிக்காதீங்க சார். அந்த நாப்பது பேரு இவரைக் குடுத்துட்டுப் பொழைக்கல. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

'அது ஒரு பக்கம்' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். பாராட்டினாலும் அதையே சொல்கிறார், திட்டினாலும் அதையே சொல்கிறார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் தலைமை என்ஜினியர் ஆனார். இவரை உதிரிப்பாகக் கிடங்குக்கு அனுப்பினார்கள். சன்னல் இல்லாத அறை. முப்பது வருடம் மீட்டர் முட்களைப் பார்த்த கண்கள் இப்போது தூசி படிந்த பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கின்றன. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்தக் கிடங்கில் பழைய டிரான்ஸ்மிட்டரின் கடைசி வால்வும் பஞ்சு சுற்றி இருக்கிறது. ஒருநாள் எடுத்துச் சோதித்துப் பார்த்தாராம். "தாராளமா ஆறு மாசம் ஓடியிருக்கும்" என்றார்.

அவருடைய கணவர் பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், சாதுவானவர். "ஞாயித்துக்கிழமைன்னா இவ ஆத்துப்பக்கம் போயிடுவா. வந்தா சாப்பிடுவா, ஆனா பேச மாட்டா. நானும் கேக்கறதில்ல. திங்கக்கிழமை காலையில காப்பி போடும்போது தானா பேச்சு வந்துடும்" என்றார். வெளியூரில் இருக்கும் மகளுக்குத்தான் ஆற்றாமை. நீங்க ஒருத்தரே எத்தனை வீட்டுக்கும்மா போவீங்க என்று தொலைபேசியில் அழுகிறாள். "இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு" என்று பதில் சொல்கிறார் இவர். மகள் கேட்டது அதையல்ல என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஏன் இப்படி வீடு வீடாக நடக்கிறார் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு காரணம் இருக்கிறது. விசாரணை முடிந்த வாரம், வெள்ளரிக்காரரின் மனைவியைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார். அந்தப் பெண் திட்டவில்லை, அழவுமில்லை. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒன்று கேட்டிருக்கிறார்.

"நீங்க அங்கேருந்து பேசும்போது, யாரு கேக்குறாங்க, யாருக்குக் கேக்கலன்னு உங்க மிஷின்ல தெரியுமாங்க?"

"தெரியாதும்மா. நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்போம். அவ்வளவுதான்."

"அப்போ அவரு தினம் போட்டுப் பாத்தது உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"அதான். நான்கூட, தெரிஞ்சும் விட்டுட்டாங்களோன்னு நெனைச்சேன்."

என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. பையின் வாரை மட்டும் விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு எவ்வளவு சௌகரியமா இருந்துச்சு தெரியுமா? முப்பது வருஷம் அதையேதான் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

மூன்றாவது ஞாயிறு அந்த வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். இப்போது அந்தப் பெண் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வரிசை வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே செங்கல் கனத்தில் சுவர். இஸ்திரிப் பெட்டியின் சூடு அறை முழுக்க நிறைந்திருந்தது. இங்கே மட்டும் என்ஜினியரம்மா ரேடியோ எங்கே என்று கேட்கவில்லை. உட்கார்ந்தார். மடித்த சட்டைகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தார். அண்ணன் மகளுக்குக் காய்ச்சல், பரவாயில்லையா என்று விசாரித்தார். "இப்ப தேவலைங்க. வாய்தான் கசக்குதாம்" என்றார் அந்தப் பெண். பேச்சு அந்த அளவில்தான் இருந்தது.

மணி இரண்டு. சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணின் ரேடியோவிலிருந்து மணியொலி வந்தது. 'ஆற்றோர மக்களின் கவனத்துக்கு' என்று அந்தக் குரல் ஆரம்பித்தது. நல்ல கணீரென்ற குரல். பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரு காலர் மேல் நின்றுவிட்டது. அந்தப் பெண் அதை நகர்த்தவுமில்லை, தூக்கவுமில்லை. துணி கருகும் வாசனை எழ ஆரம்பித்தது.

என்ஜினியரம்மா எட்டிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். நான் பின்னால் போனேன். தையல்காரப் பெண் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சம் இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரோரப் பலகையில் இருந்த ரேடியோவின் முன்னால், வலிக்கிற முழங்காலை மடக்கி மண்டியிட்டார். ஒலியை அந்தச் சுவரைத் தாண்டாத அளவுக்குக் குறைத்தார். அணைக்கவில்லை. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதை ஒலிபெருக்கித் துணியோடு ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அறிவிப்பை ஒரு வார்த்தை விடாமல் கடைசிவரை கேட்டார்.