சாவைச் சொல்லும் ஆஸ்பத்திரி

ராதாமணி லேசில் யாரையும் நம்பமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நான் ஆசையாகக் கொடுக்கிற குழம்பைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். எரிச்சலாக வரும். அவள் மகள் பானுவுக்கு மாசம் நெருங்கியதும், ஆஸ்பத்திரி பார்க்க அவளையும் என்னையும் இழுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். பிள்ளை உயிரோடு வீடு திரும்பினால் போதும் என்று வழியெல்லாம் புலம்பல்.

மருமகன் செல்வகணேஷ் ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரியை முடிவுசெய்து வைத்திருந்தான். வாசலில் பெரிய போர்டு: இங்கே பிரசவத்தில் ஒரு உயிர்கூடப் போனதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ராதாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆடு வளர்க்கிறவள் அல்லவா? சீக்காளி ஆட்டை விழுவதற்குள் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டு, எங்கள் பட்டியில் ஆடே சாகாது என்று பீற்றிக்கொள்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். நர்ஸை நிறுத்திக் கேட்டாள்.

"முடியலன்னு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புதீங்கள்லா, அவியள்ல எத்தன பேரு பொழச்சாவ?"

அது எங்கள் கணக்கில் வராது என்றாள் நர்ஸ். பிறகென்ன, ராதாமணி விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். செல்வகணேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த தெருவில் இன்னொரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கேயும் அதே கேள்வி. டாக்டரம்மா மழுப்பவில்லை. போன வருஷம் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள், ரத்தம் வந்துசேர நேரமாகிவிட்டது, அதிலிருந்து ஆபத்தான பிரசவம் என்றால் முன்கூட்டியே ரத்தம் ஏற்பாடு செய்துவிடுகிறோம் என்றார். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். ராதாமணியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாவை மறைக்காதவர்களைத்தான் நம்பலாம் என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

டாக்டரம்மா பானுவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, இது முதல் பிரசவமா என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் ராதாமணி, கண் இமைக்காமல்.

செல்வகணேஷ் தரையைப் பார்த்தான். பானு மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்ல டாக்டரம்மா. ரெண்டாவது. போன வருஷம் ஒண்ணு செத்துப் பொறந்துச்சு. எனக்கும் ரத்தம் நிக்கவே இல்ல. எங்க வீட்டுல அதச் சேத்துச் சொல்ல மாட்டாவ. அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம்."

இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கோபப்பட்டார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு, இந்தப் பிரசவத்துக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்றார்.

ராதாமணி, "ஏட்டி," என்று அதட்டினாள்.

பானு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளப் பிள்ளம்மா அது. உன் மூக்கு."