தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு தேனடை

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். பழைய பேப்பர் சுற்றிய எதையோ ஸ்டெல்லா மேலிருந்து நீட்டினாள். பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. கொஞ்சம் தேன், கொஞ்சம் புகை, கொஞ்சம் மழையில் நனைந்த மரம், எல்லாம் கலந்த அந்த வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் இறங்காது. "இதத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள். நான் பேப்பரைப் பிரித்தேன்.

கல்யாணமான புதிதில் கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நான் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். இரண்டு வீட்டாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவளுக்குத் தேனீ வளர்க்கும் ஆசை வந்தது அப்போதுதான். "யாராவது நம்ம வீட்டுக்கு வரட்டுமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுப்புரம் பக்கம் தேனீ வளர்ப்பை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய பெட்டியும் எட்டுச் சட்டங்களும் கிடைத்தன. சட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சிலேட்டைச் சுற்றி இருக்குமே, அது மாதிரி நான்கு மரக்குச்சி. நடுவில் மெழுகுத்தாள் பொருத்தினால் அதன்மேல் தேனீ அடை கட்டும். "ஒரு கூட்டம் புடிச்சுத் தரேன். எடம் புடிக்கலன்னா ஓடிப்பூடும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சட்டங்களில் பழைய அடை கன்னங்கரேல் என்று ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவோ கழுவிய டம்ளரையே இன்னொரு முறை கழுவுகிறவள். "இந்த அழுக்குலயா அதுங்கள உக்கார வைக்கிறது?" எல்லாவற்றையும் சுரண்டி, சலவைச் சோடா போட்ட வெந்நீரில் கழுவச் சொல்லிவிட்டாள். ஏழு சட்டங்களைச் சுரண்டினேன். எட்டாவதற்குக் கை வலித்தது. அதை அப்படியே தண்ணீர் டேங்குக்குப் பின்னால் சொருகிவிட்டு, எட்டும் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

சுரண்டிய அடையை உருக்கினால் ஒரு கிண்ணம் மெழுகு தேறவில்லை. ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். கல்லறைத் திருநாளில் அவள் தாத்தா கல்லறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள். "மெழுகுதானே" என்றாள். நானும் தலையாட்டினேன். உருக்கிய மெழுகில் ஈரப் பலகையை முக்கி முக்கி, உரித்து உரித்து, அப்பளம் மாதிரி வெள்ளைத் தாள்கள் செய்தோம். அவ்வளவு அழகு! சட்டங்களில் பொருத்திப் பெட்டியில் அடுக்கியது நான்தான், அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

கூட்டம் வந்த மூன்றாம் நாள், சித்திரை வெயிலில், மெழுகுவர்த்தி கலந்த அந்த மெழுகுத்தாள் அத்தனையும் துவண்டு தொங்கிவிட்டது. தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து வீட்டு முருங்கையில் கொத்தாகத் தொங்கின. மறுபடி கிளம்பினால் எங்கே போகுமோ தெரியாது. ஸ்டெல்லா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இதுங்களும் போவுதா?" என்றாள். அந்த 'இதுங்களும்' எனக்கு நெஞ்சில் குத்தியது.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கதையைக் கேட்டுவிட்டு, "மெழுகுவத்தியா? ஏம்மா, அதுங்க என்னா பூசைக்கா வந்துதுங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏணியையும் கொண்டுவந்து போட்டார்.

வேறு வழியில்லை. தேன்கூட்டு வாசனை போகாமல் மிஞ்சியிருந்தது அந்த ஒரு அடைதான். டேங்குக்குப் பின்னால் இருந்த கறுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஏறி, கூட்டத்தின் தலையைத் தொட்டாற்போல் பிடித்தேன். முதலில் ஒன்று ஏறியது. பிறகு நாலைந்து. அப்புறம் மொத்தக் கொத்தும், வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, சாவகாசமாக அந்த அழுக்கு அடைமேல் ஏறிக்கொண்டது. சொல்தா கைதட்டினார்.

சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கி மூடியதும், "எட்டும் முடிஞ்சுதுன்னீங்களே?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. நான் டேங்கைப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அழுகையும் இருந்தது. என் சோம்பேறித்தனத்தால் குடும்பத்துக்கு நன்மை விளைந்தது அந்த ஒருமுறைதான். முதல் தேன் பாட்டிலை அவள் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினோம். காலி பாட்டிலைத் திருப்பித் தரும் சாக்கில் அவரே வந்தார்.

இப்போது அந்த முருங்கை இருந்த இடத்தில் மூன்று மாடி. சொல்தா இல்லை, மாமியாரும் இல்லை. தெருவில் பூக்கிற மரங்கள் போனதும், ஒரு நாள் தேனீக்களும் போய்விட்டன. நாங்களும் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பரணைக் காலி செய்த அன்று சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். டேங்குக்குப் பின்னால், காற்றுப்படும்படி, அந்தக் கறுப்புச் சட்டம் நின்றது. இந்த முறை அதைச் சொருகியது நான் இல்லை.