நாள்காட்டித் தாளில் ஒரு துத்தி இலை

இலையைத் திருப்புவதற்கு முன் ஆபிரகாம் மூச்சை அடக்கிக்கொள்கிறார். வெண்டை இலையின் அடியில் வெள்ளை ஈக்கள் ஒட்டியிருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே எழுந்து அடுத்த பாத்திக்குப் போய்விடும். காம்பை இரு விரல்களால் பிடித்துச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார். நரம்பு பச்சையாக இருந்தால் அடுத்த செடிக்கு நகர்கிறார். மஞ்சளாக இருந்தால், உரச்சாக்கைச் செடியின் தலைவழியே மெல்லக் கவிழ்த்து, அடியில் சுருக்கிட்டு, ஈக்களோடு சேர்த்துப் பிடுங்குகிறார். குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவரின் பொறுமை அதில் இருக்கிறது.

படாளத்தில் எழுபது சென்ட் நிலம் அவர் கையில் குத்தகைக்கு இருக்கிறது. இதே நிலத்தில் அவருடைய தந்தை கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டினார். ஆபிரகாமுக்கு வயது அறுபத்தொன்று. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. விதைப் பையின் கிழித்த முனையைக்கூட அவர் எறிவதில்லை.

தினமும் காலையில் நாள்காட்டியின் முந்தைய நாள் தாளைக் கிழிக்கமாட்டார். அன்றைய தாளையே கிழித்து எடுத்துக்கொண்டு வயலுக்கு வருவார். முதல் வரிசையிலிருந்து ஓர் இலையைப் பறித்து அந்தத் தாளில் மடித்து, வீட்டில் அரிசி மூட்டையின் கீழ் அழுத்தி வைப்பார். தேதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை. இதனால் அந்த வீட்டுச் சுவரில் எப்போதும் நாளைய தேதியே தொங்குகிறது.

“வசனம் மனப்பாடம் பண்ணச் சொன்னா தூக்கம் வருது. எலைக்கு மட்டும் ஜாதகம் எழுதிக்கினு கீறாரு” என்பார் அவர் மனைவி செங்கம்மாள்.

“நாளிக்கு எவனாவது கேட்டா நீயா வந்து சாட்சி சொல்லுவ?” என்பது அவருடைய பதில்.

இந்த ஆண்டு கேட்டார்கள். பிப்ரவரி நான்காம் தேதி விதைத்த வெண்டை, மார்ச் நடுவில் பூவெடுக்கும் நேரத்தில் வரிசை வரிசையாக மஞ்சளித்தது. நோயைத் தாங்கும் விதை என்று பையில் அச்சிட்டிருந்தது. அதே விதையைப் பக்கத்து நிலத்தில் நானும் விதைத்தேன். இழப்பைக் குறிப்பிட்டு விதை நிறுவனத்துக்கு நாங்கள் தனித்தனியே மனுக் கொடுத்தோம். ‘பராமரிப்புக் குறைவு’ என்ற இரண்டே சொற்களுடன் இரண்டும் திரும்பின. நகல்கள் எங்கள் இருவரிடமும் உள்ளன.

அந்த இரண்டு சொற்களை நிலத்தின் உரிமையாளர் ஜெகதீசன் பிடித்துக்கொண்டார். “மருந்து அடிக்காம உட்டுட்டு விதையச் சொல்றியா? நெலத்துக்கே நோவு ஏத்தி வெச்சிகீற. சித்திரையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்.” ஆபிரகாம் மருந்து வாங்கிய ரசீதுகளையும், நாள்காட்டித் தாள்களையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு, பயிர்நோய் ஆய்வுக்கூடத்துக்குப் பேருந்து ஏறினார். இலைகளை வாங்கிக்கொண்ட ஆராய்ச்சி மாணவி சிநேகா, தேதி வாரியாக இப்படி யாரும் தன்னிடம் கொண்டுவந்ததில்லை என்றாராம்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அறிக்கை வந்தது. மார்ச் மூன்றாம் தேதித் தாளிலிருந்த இலையில் வைரஸ் இருந்தது. ஆனால் நரம்பு பச்சை. பதினான்காம் தேதி இலையில் வைரஸோடு ‘துணைக்கோள்’ என்று அவர்கள் சொல்லும் சிறிய டி.என்.ஏ. துண்டு ஒன்றும் இருந்தது. நரம்பு முழுக்க மஞ்சள். அந்தத் துண்டால் தனியாகப் பெருக முடியாது. வைரஸின் தயவில்தான் பெருகும். பெருகிய பின் செடியின் எதிர்ப்பை அடக்கிவிடும்.

ஆபிரகாம் இதை எனக்கு விளக்கிய விதம் வேறு. “தலைவர் தனியா வந்தாருன்னா கும்புடு போட்டுட்டுப் போய்டுவாரு. கைத்தடி கூட வந்தான்னு வையி, கடைய சாத்தணும். கைத்தடிக்குத் தனியா ஓட்டு கெடையாது. ஆனா அடிக்கறது அவன்தான்.”

மருந்தடித்த வயலிலும் இந்தக் கூட்டணி நோயைக் கொண்டுவரக்கூடும் என்று அறிக்கையின் முதல் தாள் சொன்னது. அவருக்கு அது போதும். ஆனால் இரண்டாவது தாள் ஒன்றும் இருந்தது.

வரப்பில் ஒரு துத்திச் செடி. களை எடுக்கும்போதெல்லாம் அதை மட்டும் விட்டுவைத்தார். மூலத்துக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பிடி இலை பறித்துக் கொடுப்பார். இந்த ஆண்டு அதன் இலையில் மஞ்சள் வலை விரித்தாற்போல நரம்பு தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று பிப்ரவரி இருபதாம் தேதித் தாளில் ஒன்றை மடித்து வைத்தார். வெண்டையில் யாரைத் தேடினாரோ அந்தக் கைத்தடி அதற்கும் முன்பே துத்தியில் இருந்தான்.

சிநேகா தொலைபேசியில் தயங்கினார். “ஐயா, அதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க ஓனருக்கு வெண்டைய பத்தித்தானே தெரியணும்? துத்திய தனித் தாள்ல போட்டிருக்கேன். அத நீங்களே வெச்சுக்கலாம்.”

“செரிம்மா” என்றார். மாலையில் துத்தியின் மேல் சாக்கைக் கவிழ்த்துச் சுருக்கிட்டார், ஆனால் பிடுங்கவில்லை. இரண்டு தாள்களையும் ஒரே குண்டூசியில் குத்தினார்.

மறுநாள் ஜெகதீசன் வந்தார். சாக்குப் போட்ட செடியைத் தாண்டித்தான் நடந்தார், என்னவென்று கேட்கவில்லை. மோட்டார் கொட்டகை நிழலில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளை இரண்டு முறை படித்தார்.

“ரசீதும் கீது, தேதியும் கீது. இன்னா ஆபிரகாமு, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ.” தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “செரி, உன் மேல தப்பில்ல. சித்திரைக்கு அப்பாலயும் நீயே பாரு.” வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

“ஒரு நிமிசம் இரு சார்.”

ஆபிரகாம் மடிப்பைப் பிரித்தார். முதல் தாளைப் பின்னால் தள்ளி, இரண்டாம் தாளில் துத்தி என்றிருந்த வரியின் கீழ், மண் ஏறிய நகத்தோடு சுட்டுவிரலை வைத்தார். ஜெகதீசன் மீண்டும் கண்ணாடியை எடுத்து மாட்டும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.