வானுக்குப் போட்ட மெத்தை

புத்தூர்ச் சந்திக்குச் சற்று முன்னால் வானை ஓரங்கட்டுகிறேன். என் பழைய வானில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. சூடும் இரைச்சலும் குறையட்டுமென்று, கொழும்பிலிருந்து புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் மினக்கெட்டு எஞ்சின் மூடியின் உட்புறம் முழுவதும் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டினேன். இப்போது இருக்கை தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. கருகல் மணமும் வருகிறது. மனைவி இறங்கிப்போய் வேலியோரம் நிற்கிறாள்.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு வருகிறார். சாக்கால் பிடித்து மூடியைத் தூக்குகிறார். ஸ்பொஞ்சின் ஒரு மூலை கறுத்துப் புகைகிறது.

"ஆரண்ணை உந்த வேலை பாத்தது?"

"கொழும்பிலை ஒருத்தன்" என்கிறேன். பொய் இல்லை.

"இனி அவனிட்டைப் போகாதேங்கோ. உந்தத் தடிப்புக்கு மூடி எப்பிடிப் படியும்? சூடும் சத்தமும் இடைவெளியாலை மேலைதானே வரும். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தா நெருப்புத்தான்."

ஸ்பொஞ்சை முழுதாகக் கிழித்தெடுக்கிறார். ஓரத்து ரப்பரைத் துடைத்து, மூடியை அழுத்திக் கொளுக்கிகளை மாட்டிவிடுகிறார்.

மறுபடி புறப்படுகிறோம். கால் சுடவில்லை. இரைச்சலும் பாதியாகிவிட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக மனைவியின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

"மூடி ஆடுது, மூடி ஆடுதெண்டு கிளிநொச்சியிலை இருந்து கத்திக்கொண்டு வாறன். நீங்கள் ஓம், ஓம் எண்டு தலையாட்டினியள்."