எங்கள் கேமரா, அவர்கள் ரோடு

கேரள எல்லையில், மலைமேட்டில் இருந்த எங்கள் செக்போஸ்ட்டில் கேமரா மாட்டிய அன்றைக்கே அந்தப் பக்கத்து எஸ்.ஐ. வந்துவிட்டார். நான் அப்போது போலீஸ் டெக்னிக்கல் பிரிவில் எஸ்.எஸ்.ஐ. ஏணியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"சாரே, போஸ்ட் உங்க மண்ணுல. சம்மதிச்சு. பட்சே கேமரா நோக்குறது எங்க ரோட்டையல்லே? ஆரு பெர்மிஷன் தந்தது?"

நியாயமான கேள்வி. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், போன் ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். இங்கே நின்றுகொண்டு அடுத்த மாநிலத்தை எட்டிப் பார்க்கும் கேமராவுக்கு என்னிடம் இருந்த எந்த சர்க்குலரிலும் ஒரு வரி இல்லை.

அவர் எழுத்து மூலமாகவும் ஆட்சேபம் அனுப்பினார். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "எதுக்குய்யா வம்பு? நம்ம பக்கமே திருப்பி விடு" என்று ஆர்டர் போட்டார். திருப்பினேன்.

அடுத்த வாரமே முருகேசன் மாட்டிக்கொண்டான். ராயப்பன்பட்டியிலிருந்து கேரள ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். செக்போஸ்ட் தடைக்கம்பை இடித்து உடைத்துவிட்டான் என்று ஏட்டு பாண்டி புகார் கொடுத்தார். அரசுச் சொத்துக்குச் சேதம் என்று வழக்கு. ஜீப் ஸ்டேஷன் வாசலில் நின்றது. லைசென்ஸும் போனால் அவன் பிழைப்பு அதோடு சரி.

"சத்தியமா நான் இடிக்கல சார். தூக்கியிருந்த கம்பு தானா எம்மேல விழுந்துச்சு. உள்ள இருந்த பொம்பளையாளுக எல்லாரும் பாத்தாக, கேட்டுப் பாருங்க!"

யாரும் கேட்கவில்லை. கோர்ட்டில் கொடுக்க கேமரா பதிவை எடுத்துத் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதற்குச் சட்டப்படி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அதனால் உட்கார்ந்து பார்த்தேன்.

தடைக்கம்பைத் தூக்கி நிறுத்த அதன் அடிமுனையில் தொங்கும் எடைக்கல் எப்போதோ விழுந்து போயிருக்கிறது. பாண்டி அந்த முனையில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றைத் தன் நாற்காலியில் முடிந்து, மேலே உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும்வரை கம்பு தூக்கியபடி நிற்கும். ஜீப் நுழைகிறது. டீக்காரர் கிளாஸை நீட்டுகிறார். பாண்டி எழுந்திருக்கிறார். நாற்காலி மேலே போகிறது, கம்பு ஜீப் மேல் இறங்குகிறது.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு முருகேசன் முகம் ஞாபகம் வந்தது. கோபம்தான் வந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"கேமரா ரிப்பேர்னு எழுதிரலாமாய்யா?"

"அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"இதை எந்தக் கிறுக்கன் நம்ம பக்கம் திருப்புனது?"

"உங்க ஆர்டர்தான் சார்."

முருகேசனிடம் திருப்பிக் கொடுக்க ஜீப் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.

புதிதாக டெக்னிக்கல் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்யலாம், அடுத்த மாநிலம் ஆட்சேபிக்கலாம். அது பார்த்ததற்குக் கையெழுத்து உங்களுடையது. முழுசாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மறுநாள் காலை முருகேசனின் ஜீப் செக்போஸ்ட்டுக்கு வந்தது. புதுக் கம்பு போட்டாயிற்று, கல் மட்டும் இன்னும் வரவில்லை. பாண்டி அதே நாற்காலியில் இருந்தார். ஜீப்பிலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார்.

"ஏட்டய்யா, நாங்க தாண்டுற வரைக்கும் எந்திரிச்சுராதீக!"

பாண்டி இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.