எங்கே என்று கேட்கும் ஊர்

என் அக்காவிடம் போய் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் பாடு அவ்வளவுதான்.

திட்டமாட்டாள். ஒரு முறை முறைப்பாள். திரும்பி வீட்டுக்குள் போய் உட்காருவாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். பிறகுதான் மறுபடி வாசல் தாண்டுவாள். அதற்குள் பஸ் போயிருக்கும்! பிள்ளையார்பாளையத்தில் அவள் தெருவுக்கே இது பழகிவிட்டது. ரொம்ப வேண்டியவர்கள்கூட "தூரமாக்கா?" என்று சுற்றி வளைத்துத்தான் விசாரிப்பார்கள்.

"சகுனம் பாக்கறது நம்ம மார்க்கத்துலயே கெடையாது" என்று மச்சான் நிக்காஹ் ஆன நாளிலிருந்து சொல்லிப் பார்க்கிறார்.

"மார்க்கம் வேற, வாசப்படி வேற" என்பாள் அக்கா.

இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு போன மாதம் நான் இந்தோனேசியா போய் வந்தேன். எதற்கு? பெண் பார்க்க.

அக்காவின் ஒரே மகன் அன்வருக்கு சிங்கப்பூரில் வேலை. அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ரீனியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். ரீனிக்கு ஜாவா தீவில் ஒரு சின்னச் சந்தை ஊர். அக்காவுக்கோ ஆற்காடு, வாலாஜா பக்கம் பெண் எடுக்க ஆசை. போனிலேயே பெரிய போர் நடந்தது. கடைசியில் அன்வர், "நீ வந்து பாரும்மா. புடிக்கலன்னா விட்டுடறேன்" என்று இறங்கி வந்தான். மாமியாருக்கு மனசு இல்லாமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டதாம். மச்சானுக்கு முழங்கால் வலி. அதனால் துணைக்கு நான்.

விமானத்தில் பெல்ட் போடும்போதே அக்கா சொல்லிவிட்டாள். "வேணாம்னு சொல்லத்தான்டா போறேன். அத மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் மரியாதை."

ஊர் எப்படி என்கிறீர்களா? சுற்றிலும் நெல் வயல். நடுவில் ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு பேங்க், நாலைந்து குதிரை வண்டிகள். தூரத்தில் ஒரு எரிமலை... நிஜமாகவே புகைந்துகொண்டிருந்தது!

"மலை புகை வுட்டுக்கினு இருக்குது... இவங்க பாட்டுக்கு வெங்காயம் வித்துக்கினு இருக்காங்களே!" என்று அக்கா வாயில் கை வைத்தாள்.

சந்தை எந்தக் கிழமை என்று கேட்டேன். கிழமைக் கணக்கே இல்லை என்றார்கள். அங்கே ஏழு நாள் வாரத்தோடு கூடவே ஐந்து நாள் வாரம் ஒன்றும் தனியாக ஓடுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். இந்த ஊருக்குச் சந்தை 'பஹிங்' என்கிற நாளில். அதாவது, இந்தச் சந்தை திங்களில் வந்தால் அடுத்தது சனியில் வரும். 'வர்ற திங்கக்கிழமை சந்தையில் பார்க்கலாம்' என்று அங்கே யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். ரீனியின் அம்மாவும் அங்கேதான் சின்ன வெங்காயம் விற்கிறார். ஆண்கள்? மணிப்புறாக் கூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் புறா நன்றாகக் கூவுகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் உயரமான கம்பம் நட்டு, கொடி ஏற்றுவது மாதிரி கூண்டைக் கயிறு போட்டு மேலே ஏற்றுகிறார்கள். அந்தப் புறாவுக்கு இருக்கும் மரியாதை நமக்கு நம் வீட்டில் இருக்குமா?

எங்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அன்வருக்கும் ஒரு சந்தின் கடைசியில் அறை. சந்து முனையைத் தாண்டினால் ரீனியின் வீடு. நடந்தால் கொஞ்ச தூரம்தான்.

முதல் நாள் காலை. அக்கா பட்டுச்சேலையில் கம்பீரமாகக் கிளம்பினாள். முதல் வீட்டில் புறாவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த பெரியவர் வாயெல்லாம் பல்லாக, "மாவு கெ மானா?" என்றார்.

"என்னாடா சொல்றாரு?"

அன்வர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். "எங்க போறீங்கன்னு கேக்கறாரும்மா" என்று சொல்லிவிட்டான்.

அக்கா அப்படியே திரும்பினாள். அறை, நாற்காலி, தண்ணீர். மறுபடி கிளம்பினோம். பெரியவரைத் தலைகுனிந்து தாண்டிவிட்டோம். அடுத்த வீட்டில் எண்ணெய்ச் சட்டியோடு ஒரு அம்மாள் — "மாவு கெ மானா?" திரும்பவும் தண்ணீர். மூன்றாவது தடவை, மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக் கேட்டார்! அங்கே ரீனி வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அன்வர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"மூணு வாட்டி தடுக்குது. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்?" என்று அக்கா கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். அந்தச் சந்தில் போகிற வருகிற எல்லோரையும் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். போலீஸ்காரரை, தலையில் கூடையோடு போகிற அம்மாளை, ஆடு ஓட்டிப் போகிறவரை. பதில்? 'ஜாலன் ஜாலன்.' சும்மா அப்படியே நடக்கிறேன் என்று அர்த்தம். யாருக்கும் நிஜப் பதில் தேவையில்லை. நாம் மட்டும் என்னவாம்? "சாப்டாச்சா?" என்கிறோம். "இல்லைங்க, பசிக்குது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் திருதிருவென்று முழிக்க மாட்டோமா?

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "அவங்க வழக்கம் அவங்களுக்கு. என் காதுல வுழுந்தா வுழுந்ததுதான்" என்றாள். பிறகு ஒரு கெடு வேறு வைத்தாள். "நாளைக்கு ஒரு வாட்டி கெளம்புவேன். ஒருத்தர் கேட்டாலும் நேரா ஏர்போர்ட்டுதான்."

மறுநாள் காலை. கிளம்பினோம்.

பெரியவர் எங்களைப் பார்த்தார். சட்டென்று கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணெய்ச் சட்டி அம்மாள் முந்தானை மாதிரி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து டயரைத் தடவினார். சந்து முழுக்க ஒரு குரல் இல்லை. புறா மட்டும்தான் கூவியது.

ஜெயித்துவிட்டோம் என்று நான் அன்வர் கையைப் பிடித்தேன். ஆனால் அக்காவின் நடை தளர்ந்தது. சந்து முனையில் நின்றேவிட்டாள்.

"என்னாடா ஆச்சு இவங்களுக்கு? நேத்து அவ்ளோ ஆசையா பேசினாங்க இல்ல? நம்ம மேல கோவமா?"

சந்து முனையில் ரீனி நின்றிருந்தது. ஒல்லியான பெண். வெள்ளை முக்காடு, கலங்கின கண்.

"இதுதாம்மா காலைல வீடு வீடா போயி கெஞ்சிச்சு" என்றான் அன்வர். "உன்னை யாரும் எங்கன்னு கேக்க வேணாம்னு. இந்த ஊர்ல பேச்சுவார்த்தை இல்லாதவங்களைத்தாம்மா கேக்காம வுடுவாங்க. வந்த விருந்தாளிகிட்ட அப்படி எப்படி நடந்துக்கறதுன்னு அவங்களுக்கெல்லாம் மனசே இல்ல. உனக்காகத்தான் ஒத்துக்கினாங்க."

அக்கா ரீனியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விறுவிறுவென்று வந்த வழியே திரும்பி நடந்தாள். போச்சு, தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா! நான் பொண்ணு பாக்கப் போறேன். என் புள்ளைக்கு!" — பச்சைத் தமிழில், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி.

அன்வர் மொழிபெயர்த்தான். அவ்வளவுதான்! அடக்கி வைத்திருந்த சந்து வாய் திறந்தது. அந்தப் பக்கம் ஒரு 'மாவு கெ மானா', இந்தப் பக்கம் ஒரு 'மாவு கெ மானா'. அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். ரீனி வீடு போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

சாப்பிடும்போது என் காதில் மட்டும், "என்னாடா கொழம்புல வெல்லத்தைப் போட்டு வச்சிருக்காங்க?" என்றாள். அடுத்த வாய் எடுத்துக்கொண்டே, "பரவால்ல. கட்டிக்கினு வரட்டும். மொளகாய நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, பக்கத்திலேயே மிளகாய்ச் சட்னி இருந்தது. பழியை அதன் மேல் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ரீனிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பியிருந்தவள், வாசலிலேயே கடுகடுவென்று நின்றாள்.

"அரை மணி நேரமா நின்னுக்கினு இருக்கேன். என் மருமவளுக்குப் பட்டு எடுக்கப் போறேன். இந்தத் தெருவுல ஒருத்தராவது எங்கன்னு கேக்கறாங்களா பாருடா!"

பாவம் தெரு. அத்தனை வருடப் பயிற்சி. சரி, தம்பி எதற்கு இருக்கிறேன்?

"எங்கக்கா கிளம்பிட்டே?" என்றேன்.

முகம் மலர்ந்துபோனது. என்ன கலர், எப்படிப்பட்ட பார்டர், எந்தத் தறிக்காரர் வீடு — ஒன்று விடாமல் தெருவுக்கே கேட்கச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு...

உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்!